பெரிய கேட்டுக்கு முன்னால் பத்து நாள்

எங்கள் ஷூ கம்பெனியில் மேனேஜர் வெங்கடேசனை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். கங்கம்மாள் அக்கா மட்டும் ‘தொரை’ என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது மடிப்பு மேசையில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. முப்பது வயது வரை அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் பெரிய அதிகாரியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். வேறு மாதிரி கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் இந்த வருடம், 1991 ஜூன் மாதம், எங்கள் கேட்டுக்கு முன்னால் நடந்தது. அதற்கு முன் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

கங்கம்மாள் அக்கா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு அங்கே போனவர். பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில் அக்காவின் பெயர் இந்தியாவின் பக்கம் வந்தது. 1979இல் புருஷனோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் சில வாரம். பிறகு ஆடு வளர்க்கச் சொல்லி ஒரு வறண்ட ஊரில் விட்டார்கள். மலையிலேயே வளர்ந்தவர்களுக்கு ஆடு வளர்க்கத் தெரியவில்லை. ஆடுகள் செத்தன. கல்குவாரி வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் பென்னலூர்ப் பக்கம் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சொந்தக்காரர்களும் வந்து ஏரிக்கரை ஓரம் பதினோரு வீடு ஆனது. நாங்கள் அதை ‘சிலோன் வூடுங்க’ என்போம். நாலு வருடத்துக்கு முன் குவாரியில் பாறை சரிந்து அக்காவின் புருஷன் இறந்துபோனார். பிள்ளை இல்லை.

“அங்க எங்கள இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க. கடல்ல எந்த எடத்துல மாறினேன்னு எனக்கே தெரியல” என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு அவரும் சிரித்தார்.

மடிப்பு வேலையில் அவரைப் போல யாரும் கிடையாது. ஷூவின் மேல்பாகத்துக்கான தோலின் ஓரத்தைச் சீவி, அதில் சொலுசன் என்கிற பசையைத் தடவி, விரல் நுனியால் உள்பக்கம் மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். சொலுசன் ஈரமாக இருக்கும்போது மடித்தால் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்துவிட்டால் ஒட்டாது. நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அக்கா தொடாமலே எடுப்பார். இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள். எங்கள் கம்பெனியில் வேலை செய்த ஏழு சிலோன் பெண்களும் மடிப்பில்தான் இருந்தார்கள்.

மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வைத்தது சிலோன்காரர்கள் என்று பேச்சு. அதன்பின் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பஸ்ஸில் யாராவது பையைக் காலுக்கடியில் வைத்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார். எங்கள் மேசையில் மூத்தவரான கோவிந்தம்மாவின் தம்பி அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தான். உயிரோடுதான் திரும்பினான். ஆனால் ஒரு வாரம் பேசவில்லை. கம்பெனிக்கு யார் யாரோ வந்து சிலோன்காரர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கங்கம்மாள் அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். “நீயே படிச்சிரு புள்ள” என்றார். படித்தேன்.

இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள் இனிமேல் பெரிய கேட்டு வழியாக வரக்கூடாது. பின்வாசலில் வர வேண்டும். அங்கே தனியாகச் சோதனை நடக்கும். வேலைக்குப் போடுகிற மேல்கோட்டின் இடது கையில் சிவப்புத் தோல் பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து பத்து வேலைநாள் வராதவர்கள் வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார்கள்.

பின்வாசல் என்பது தோல் கழிவு வண்டி போகிற வழி. எப்போதும் ஈக்கள் மொய்க்கும்.

“நல்லதுதான்” என்றார் கோவிந்தம்மா, யாரையும் பார்க்காமல். “எவ பையில இன்னா கீதுன்னு யாரு கண்டா? நம்ம உசுருக்கு யாரு ஜவாப்பு?”

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்: “கேட்டுக்கு வந்து நின்னா அது வந்ததுல சேத்தியா, வராததுல சேத்தியா?”

எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. பத்து நாளும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பின்வாசலில் போனால் வேலை இருக்கும், பட்டையும் இருக்கும். போகாவிட்டால் பதினோராம் நாள் ஏழு பேருக்கும் வேலை இல்லை. குவாரியில் அப்போது சிலோன்காரர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வேறு எங்கேயும் போய்க் கேட்கிற காலமும் இல்லை.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டாம். ஆட்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பேர் எழுதுவார். யாராவது ஒருத்தருக்குப் பேர் போட மாட்டேன் என்றால் அந்தக் கூட்டமே நகராதாம். உட்காரக் கூடாது, கத்தக் கூடாது, வரிசையை விட்டுப் போகவும் கூடாது. உட்கார்ந்தால் ஓய்வெடுக்க வந்த மாதிரி. கத்தினால் சண்டைக்கு வந்த மாதிரி. போய்விட்டால் வரவே இல்லை. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடுகிற வரைக்கும் நிற்க வேண்டும்.

அன்றைக்கு ஏழு பேரும் அப்படித்தான் நின்றார்கள். பெரிய கேட்டுக்கு இடது பக்கம், வண்டி போக வழி விட்டு, ஒரே வரிசை. முதலில் அக்கா, கடைசியில் ரத்தினம். ரத்தினம் அக்காவுக்குத் தூரத்துச் சொந்தம், இருபத்திரண்டு வயது, கைக்குழந்தைக்காரி. அக்கா வாட்ச்மேன் தாண்டவராயனைப் பார்த்து, “மடிப்பு செக்சன், ஏழு பேர் வந்திருக்கோங்க. பேர் போடுங்க” என்றார்.

ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள் என்று உள்ளே எல்லோரும் நினைத்தோம். பத்து மணிக்கும் நின்றார்கள். சாப்பாட்டு மணிக்கும் நின்றார்கள். ஒவ்வொருவராகப் புளியமரத்தடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் போனார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. தாண்டவராயனின் கேட்டுப் புத்தகம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மேசைமேல் விரித்தபடியே கிடக்கும். அவர்கள் அது மூடுவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

“இது அந்தப் புக்கு இல்லம்மா” என்று தாண்டவராயன் மறுநாள் விளக்கினார். “இது வண்டி வர்றது போறது எழுதறது. இது பாட்டுக்குத் தொறந்துதான் கெடக்கும்.”

“எங்களையும் எழுதியிருக்கீங்களா?”

“வந்தா எழுதணும்ல?”

உண்மையில் அவர் எதையும் விடாமல் எழுதுகிற ஆள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி வந்ததை எழுதாமல் விட்டு அவர் வேலையே போக இருந்தது. அதிலிருந்து கேட்டுக்குள் ஆடு நுழைந்தால்கூட ‘ஆடு 3, விரட்டப்பட்டது’ என்று எழுதிவிடுவார். நாங்கள் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்வோம்.

“அப்ப மூடற வரைக்கும் நிக்கிறோங்க” என்றார் அக்கா.

மூன்றாம் நாள் வெயில் அதிகம். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். “இன்னாம்மா, ரேஷன் கடைன்னு நெனச்சுக்கினீங்களா?” “துப்பாக்கிய எங்க ஒளிச்சு வெச்சுகீறீங்க?” வரிசையில் யாரோ முணுமுணுத்தபோது, “பெரட்டுல பேசாத” என்று மட்டும் அக்கா சொன்னார்.

நாலாம் நாள் காலை வரிசையில் ஆறு பேர்தான். ரத்தினம் பின்வாசலில் போய்விட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வீட்டில் ஒன்றும் இல்லை. அவள் மடிப்பு மேசைக்கு வந்தபோது மேல்கோட்டின் இடது கையில் சிவப்புப் பட்டை இருந்தது. தையல் செக்சனில் ஷூவுக்குப் போடுகிற மெழுகு நூலால் தைத்திருந்தார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலிலிருந்து கேட்டு தெரியும்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் இருந்த சிலர் ரத்தினத்தின் வீட்டு வாசலில் இருக்கும் அடிபம்புக்குத் தண்ணீர்கூட எடுக்கப் போக மாட்டோம் என்று சொன்னார்களாம். அக்கா தன் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனாராம். இதை ரத்தினமே பின்னால் எனக்குச் சொன்னாள்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. தேர்தல் தள்ளிப்போயிருந்ததால் பிரச்சார வண்டிகள் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தன. ஒரு வேன் கேட்டுக்கு முன்னால் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இல்லை.

“இவளுங்கதான் சிலோன்காரிங்களா?” என்றான் ஒருவன். “எங்க ஊர்ல வந்து எங்க தலைவரையே கொன்னுட்டு, கேட்டுல நின்னுகினு நியாயம் கேக்குறீங்களா?”

அக்கா நேரே பார்த்தபடி நின்றார். அவன் கிட்டே வந்தான். முகத்துக்கு ஒரு முழம் இருக்கும்.

“காது கேக்கலையா ஒனக்கு? யாழ்ப்பாணமா?”

“யாழ்ப்பாணம் நான் பாத்ததில்லைங்க” என்றார் அக்கா. “நான் வேலைக்கு வந்திருக்கேன்.”

வேனுக்குள்ளிருந்து ஒரு சோடா பாட்டில் வந்து வரிசைக்கு முன்னால் விழுந்து உடைந்தது. உள்ளே சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம். வரிசையில் மூன்றாவதாக இருந்த மாரி அக்காவின் காலில் ரத்தம் தெரிந்தது. மாரி ஒரு அடி பின்னால் வைத்தார். “நகராத” என்றார் கங்கம்மாள் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கே கேட்டது. மாரி காலை முன்னால் வைத்தார்.

அடுத்த பாட்டில் வருமா என்று ஆறு பேரும் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம். தாண்டவராயன் விசிலை ஊதிக்கொண்டே வந்து வேன் நம்பரைக் குனிந்து பார்த்து எழுத ஆரம்பித்தார். எழுதுகிற ஆளைப் பார்த்ததும் அவர்கள் வேனில் ஏறிக்கொண்டார்கள்.

ஐந்தரைக்குப் புத்தகம் மூடிய பிறகு அக்கா குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக முந்தானையில் பொறுக்கினார். ஷிப்ட் விட்டு வெளியே வந்த கோவிந்தம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒனக்கு இன்னாத்துக்கு அந்த வேல? வாட்ச்மேன் பெருக்குவான்ல” என்றார்.

“காலையில வெறுங்காலோட வாரவங்க இருக்காங்க” என்றார் அக்கா.

கோவிந்தம்மா தன் செருப்பைப் பார்த்தார்.

உள்ளேயும் நிலைமை சரியில்லை. மடிப்பு மேசையில் புதிதாக உட்கார வைத்த பெண்களுக்கு அந்த நடு நேரம் பிடிபடவில்லை. ஜூன் வெயிலில் சொலுசன் சீக்கிரம் காய்ந்தது. ஓரம் பிரிந்து பிரிந்து வந்தது. தையல் செக்சன் திருப்பி அனுப்பியதை எல்லாம் நாங்கள் மறுபடி பிரித்து, பழைய சொலுசனைச் சுரண்டி, மறுபடி மடித்தோம். திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஏழரை மணி வரை இருக்கச் சொன்னார்கள். கோவிந்தம்மாவின் பெருவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது.

எட்டாம் நாள் தாண்டவராயன் மத்தியானமே புத்தகத்தைப் பட்டென்று மூடி, “மூடிட்டேன். வூட்டுக்குப் போங்க, மண்டை வெடிச்சுடும்” என்றார்.

“ரெண்டு மணிக்குத் தோல் லாரி வரும். அப்ப தொறப்பீங்க” என்றார் அக்கா. ஆறு பேரும் நின்றார்கள். அவர் திட்டிக்கொண்டே மறுபடி விரித்து வைத்தார்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை. அடுத்த வாரம் சரக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. காலை ஒன்பது மணிக்கு மேனேஜரே கேட்டுக்கு வந்தார். நோட்டீஸ் போட்ட பிறகு அவர் அவர்களுக்கு நேரே வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

“கங்கம்மா, இன்னைக்கு எத்தனாவது நாள் தெரியுமா?”

“தெரியும் தொரை. பத்து.”

“நாளைக்கு நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால சொல்றேன். நீ பெரிய கேட்டுலயே வா. பட்டையும் வேணாம். ஒன்னப் பத்தி எனக்குத் தெரியும். மத்தவங்க பின்னாடி வரட்டும்.”

ஜன்னலுக்கு வந்திருந்த நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். வரிசையில் நின்ற மற்ற ஐந்து பேரும் பார்க்கவில்லை. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போனால் குறை சொல்லவும் முடியாது.

“எல்லாருக்கும் சேத்துப் பேர் போடுங்க தொரை” என்றார் அக்கா. “உள்ள போனவளுக்கும் பட்டையைப் பிரிச்சிருங்க. இல்லாட்டி நான் இங்கனயே நிக்கிறேன்.”

மேனேஜர் முகம் மாறியது. தாண்டவராயனிடம் கையை நீட்டினார். “புக்கைக் குடு.” புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தது: காலை 7.15, மடிப்பு செக்சன் பெண்கள் வருகை, உள்ளே அனுமதி இல்லை, மாலை 5.30 திரும்பினர். ஆறாம் நாளில் சோடா பாட்டில் 1, வேன் நம்பர்.

“இதை எல்லாம் யாரு எழுதச் சொன்னது? அடிச்சு விடு.”

“அடிக்க முடியாது சார்” என்றார் தாண்டவராயன். “பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டுக் கீது. அதே பக்கத்துலதான் லாரி எல்லாம் கீது. அடிச்சா எதை அடிச்சன்னு ஆடிட்டுல கேப்பாங்க. அவங்க வரலன்னு நான் எப்படிச் சொல்றது? தெனமும் வந்தாங்க.”

மேனேஜர் புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனார். கேட்டு திறக்கவில்லை. ஆறு பேரும் நின்றார்கள். பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. இன்றைக்குப் புத்தகம் மூடினால் முடிந்தது.

சாப்பாடு முடிந்து நாங்கள் மேசைக்கு வந்தபோது திருப்பி அனுப்பிய மடிப்புகள் இரண்டு கூடை நிறைய வந்திருந்தன. கோவிந்தம்மா ஒன்றை எடுத்தார். ஓரம் முழுசாகப் பிரிந்து தொங்கியது. அதைக் கையில் பிடித்தபடி எழுந்து நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை, அதனால் எங்களுக்குக் கேட்டது.

“சார், இத நீயே மடி.”

“கோவிந்தம்மா, இன்னா பேசற?”

“எனக்கு வெரலு இல்ல. பாரு. அவங்க வேணாம்னா மிஷினு வாங்கிக் குடு. இல்ல, கேட்டைத் தொற. நான் இனிமே மறுமடிப்புத் தொடமாட்டேன்.”

“மொதல்ல அவங்ககூட உக்கார மாட்டேன்னு சொன்னதே நீதானம்மா.”

“சொன்னேன். பயமா இருந்துச்சு, சொன்னேன். பத்து நாளா வெயில்ல நிக்கிறவ இன்னா பண்ணிடப் போறா? பண்றவ நிப்பாளா?”

அவர் திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து, “நீங்களும் சுத்தியக் கீழ வைங்கடி” என்றார். வைத்தோம். நான் கடைசியாகத்தான் வைத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பயந்தது உண்மை.

மூன்றே முக்காலுக்குப் பெரிய கேட்டு திறந்தது. மேனேஜர் வரவில்லை. சூப்பர்வைசர்தான் போய், பத்து நாளும் பேர் போடப்படும், சம்பளம் கிடையாது, பட்டை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்று சொன்னார். தற்காலிகம் என்றால் எவ்வளவு நாள் என்று மாரி அக்கா கேட்டார். அதைத் தன்னிடம் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். நோட்டீஸையும் கிழிக்கவில்லை. மறுநாள் அதன்மேலேயே விடுமுறை நாள் பட்டியலை ஒட்டினார்கள்.

“எழுதிட்டீங்களா?” என்று அக்கா தாண்டவராயனிடம் கேட்டார்.

“மூணு நாப்பத்தஞ்சு. ஆறு பேர் உள்ளே.”

அதன் பிறகுதான் வரிசை நகர்ந்தது. மேசைக்கு வந்து உட்காரும்போது அக்காவின் முழங்கால் மடங்கவில்லை. கையால் காலைப் பிடித்து மடக்கி உட்கார்ந்தார். ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. கோவிந்தம்மா ஒரு கூடையை அவர் பக்கம் தள்ளினார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. “அந்தக் கருப்புத் தோலு சீக்கிரம் காயுது, பாத்து” என்றார்.

அக்கா கூடையைத் தொடவில்லை. மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ரத்தினத்தைப் பார்த்தார்.

“இங்க வா.”

ரத்தினம் வந்தாள். அக்கா தோல் வெட்டுகிற சின்னக் கத்தியை எடுத்து அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். மெழுகு நூல் சுலபமாக அறுபடவில்லை. நுனியை உள்ளே விட்டு ஒவ்வொரு தையலாகத் தூக்க வேண்டியிருந்தது.

“நான் நின்னிருக்கணும் பெரியம்மா” என்றாள் ரத்தினம்.

“ஒன் புள்ளைக்கு யாரு பால் குடுக்கிறது? நாங்க நின்னோம்ல.”

“எல்லாரும் என்னத் திட்டுறாங்க.”

“திட்டட்டும். நாளைக்கு நீயும் பெரிய கேட்டுலதான் வாரே. எனக்குப் பின்னால வா.” அக்கா குனிந்து பார்த்தார். “இன்னும் நாலு தையல் இருக்கு. கையை அசைக்காத, கத்தி பட்டுரும்.”